பழுது பார்ப்பவரை வணங்கிய மன்னன்
தென்காசிக் கோபுரமும் குற்றாலச் சித்திர சபையும் கற்பிக்கும் பாடம்

கோயிலைக் கட்டியவன் பெயரை வரலாறு மறப்பதில்லை. கல்வெட்டு அவனைப் புகழ்கிறது. பாடநூல் அவன் ஆண்ட ஆண்டுகளைத் தருகிறது. ஆனால் அதே கோயிலில் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒழுகிய கூரையை மாற்றியவன் யார்? வெடித்த சுதையைப் பூசியவன் யார்? மங்கிய சித்திரத்தைத் துலக்கியவன் யார்? பெரும்பாலும் நமக்குத் தெரியாது. பழைய பொருளைப் பழுது பார்ப்பது புதிதாகச் செய்வதைவிடத் தாழ்ந்த வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

இந்த எண்ணம் தவறானது என்பதை ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்த அரசன் ஒருவன் நம் தென்பாண்டி நாட்டில் இருந்தான். அவனே தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன்.

மன்னனின் விண்ணப்பம்

மதுரையை இழந்த பிற்காலப் பாண்டியர் தெற்கே தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பராக்கிரம பாண்டியன் இக்கோயிலைக் கட்டத் தொடங்கினான். கோபுர வேலை முடியும் முன்பே அவன் மறைய, அவன் தம்பி குலசேகர பாண்டியன் அதை முடித்தான் என்பர்.

இக்கோயில் கல்வெட்டுகளில் பராக்கிரம பாண்டியனின் செய்யுட்கள் சில காணப்படுகின்றன. அவற்றில் ஒன்று வியப்பூட்டுவது. அதன் கருத்து இதுதான்: இக்கோயிலுக்கு எதிர்பாராத குற்றம் ஏதேனும் நேருமானால், அக்குற்றத்தை நீக்கிக் கோயிலைக் காப்பவர் யாராக இருந்தாலும், உலகறிய அவரை நான் பணிந்தேன்.

முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரை வணங்குகிறான்! தான் கட்டிய கோயில் என்றென்றும் அழியாது என்று அவன் செருக்கு கொள்ளவில்லை. கல்லும் சுதையும் மரமும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை என்று அறிந்திருந்தான். அவன் இரண்டு செயல்களைக் கேட்கிறான் என்பதையும் கவனியுங்கள். ஒன்று, வந்த குற்றத்தை நீக்குவது. மற்றொன்று, கோயிலைக் காப்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல. குற்றத்தை நீக்குகிறேன் என்று புறப்பட்டு, காக்க வேண்டியதையே அழித்துவிட முடியும். எதை நீக்குவது, எதைக் காப்பது? பழம்பொருள் பாதுகாப்பு என்னும் அறிவியல் துறை முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கோபுரத்துக்கு வந்த குற்றம்

மன்னன் அஞ்சியபடியே நடந்தது. பிற்காலத்தில் இராசகோபுரத்தின் மேற்கட்டு அழிந்தது. கல்லாலான அடிப்பகுதி நின்றது. மேலே இருந்த நிலைகள் சிதைந்தன. பல தலைமுறைகள் இது மொட்டைக் கோபுரமாகவே நின்றது.

அடி நிற்க மேல் மட்டும் அழிவது ஏன்? தமிழகக் கோபுரம் ஒரே பொருளால் ஆனதன்று. கல்ஹாரம் எனப்படும் கீழ்ப்பகுதி கருங்கல். அதற்கு மேலுள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே தளங்களைத் தாங்க மர உத்தரங்களை அமைப்பதும் வழக்கம். வெளிப்புறத்தில் சுதை உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. சுதைக்குச் சில பத்தாண்டுகள். மரத்துக்கு அதைவிடக் கூடுதல். செங்கல்லுக்குச் சில நூற்றாண்டுகள். கருங்கல்லுக்கோ ஆயிரம் ஆண்டுகளும் சிறிது காலமே.

ஆகவே கோபுரத்தின் வெளித்தோற்றம் வெறும் அலங்காரமன்று. உள்ளே நடப்பதைத் தெரிவிக்கும் அறிக்கை. சுதையில் ஒரு விரிசல் தோன்றினால் அதன் வழியே நீர் இறங்கும். நீர் இறங்கும் இடத்தில் ஆல், அரசு வேர் விடும். வேர் பருக்கப் பருக்கச் செங்கல் பிளக்கும். விரிசலை மேற்பூச்சால் மறைத்துவிட்டால் நோய் தீர்ந்ததாகாது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய காளத்திக் கோபுரம், விரிசல் கண்டிருந்த நிலையில் 2010 மே 26 அன்று சரிந்து விழுந்ததை மறக்க இயலுமா?

தென்காசிக் கோபுரம் 9 நிலைகளுடன் மீண்டும் எழுப்பப்பட்டு, 1990-இல் குடமுழுக்கு நடைபெற்றது. இத்திருப்பணியை முன்னின்று நடத்தியவர் நாளிதழ் உரிமையாளர் சிவந்தி ஆதித்தன். இன்று நாம் காண்பது 15-ஆம் நூற்றாண்டின் அடிமேல் 20-ஆம் நூற்றாண்டின் முடி.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மேற்பகுதி முழுவதும் புதிது என்றால் இது பழைய கோபுரம்தானா? இதற்கு விடை காணுமுன், ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்துக்குச் செல்வோம். அங்கே இதே கேள்வி இன்னும் கடினமான வடிவில் காத்திருக்கிறது.

சித்திரமே தெய்வமான இடம்

நடராசரின் ஐந்து சபைகளை நாம் அறிவோம். திருவாலங்காட்டில் இரத்தின சபை, சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று விலகி, தெப்பக்குளத்தின் அருகே, செப்புத் தகடு வேய்ந்த கூரையுடன் சித்திர சபை தனியே நிற்கிறது. உட்சுவர்களில் புராணக் காட்சிகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. மார்கழித் திருவாதிரையின்போது இங்கே தாண்டவ தீபாராதனை நடைபெறும்.

சிதம்பரத்தில் ஆடும் பெருமான் செப்புத் திருமேனி. குற்றாலத்தில் அவன் சுவரில் எழுதிய ஓவியம். வழிபடப்படும் உருவம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே கனமுள்ள வண்ணப் படலம். மற்ற இடங்களில் சுவர் வண்ணம் உதிர்ந்தால் அழகு குறையும். இங்கே உதிர்ந்தால் மூர்த்தியே குறைந்து போகும். புறப்பரப்பைக் காப்பது இங்கு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சுண்ணாம்பு கல்லாகும் விந்தை

சுவரோவியம் எப்படிச் சுவரில் நிலைக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீரூற்றினால் கொதித்து நீறுகிறது. இந்த நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் குழைத்துச் சுவரில் பூசுகிறார்கள். நம் கொத்தர்கள் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லம் அல்லது கருப்பட்டியையும் சேர்த்து அரைப்பது உண்டு. பூச்சு உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் உட்கொள்கிறது. கல்லாக இருந்தது பொடியாகி, பொடி மீண்டும் கல்லாகிறது!

பூச்சு ஈரமாக இருக்கும்போதே நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டினால், அது கல்லாக இறுகும்போது வண்ணத் துகள்களையும் தன்னுள் சிறைப்பிடித்துக் கொள்ளும். பசையே தேவையில்லை. இது ஈரப்பூச்சு ஓவியம். பூச்சு உலர்ந்த பின் பிசின் கலந்த வண்ணத்தால் எழுதுவது உலர்பூச்சு ஓவியம். பிற்காலத் தமிழக ஓவியங்களில் இரண்டாவது முறை மிகுதி. இதில் வேலை எளிது. ஆனால் பிசின் நலிந்தால் வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

பழைய சுவரோவியங்கள் எல்லாம் மூலிகைச் சாயத்தால் ஆனவை என்று சொல்வது வழக்கம். அதில் ஒரு பகுதியே உண்மை. புதுச் சுண்ணாம்பு கடுங்காரத்தன்மை உடையது; அது பல தாவரச் சாயங்களைச் சிதைத்துவிடும். எனவே பழைய ஓவியர்கள் பெரிதும் நம்பியது மண்ணையும் கல்லையுமே: சிவப்புக்குக் காவிக்கல், மஞ்சளுக்கு மஞ்சட்காவி, கருமைக்கு விளக்குக் கரி, வெண்மைக்குச் சுண்ணாம்பு. தாவரங்கள் தந்த பெருங்கொடை வண்ணத்தை ஒட்டவைத்த பிசின்.

சாரல் செய்யும் வேலை

குற்றாலத்தின் புகழுக்குக் காரணமான சாரலே ஓவியத்தின் பெரும்பகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் ஆகஸ்டு வரை ஈரத்தை இப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது. பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இடையிலும் கோடையிலும் வெயில். சுவர் நனைகிறது, உலர்கிறது, மீண்டும் நனைகிறது.

சுவருக்குள் ஊறிய நீர் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்பை நோக்கி வருகிறது. அங்கே நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது வண்ணப் படலத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஓவியத்தின்மேல் வெண்பொடி பூத்தாற்போலத் தோன்றுவது இதுவே. ஆக, ஓவியத்தைக் காக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஓவியம் அன்று, கூரை!

கூரையிலும் ஓர் அறிவியல் உண்டு. செம்பு காற்றிலும் மழையிலும் பச்சைக் களிம்பு ஏறிக் கருக்கும். அழகு கெட்டதே என்று அதைச் சுரண்டுவது தவறு. அந்த மெல்லிய படலம் அடியிலுள்ள செம்பைக் காக்கும் போர்வை. ஆனால் செப்புத் தகட்டை இரும்பு ஆணியால் அறைந்தால் என்ன ஆகும்? இரு உலோகங்களும் மழைநீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும். இரும்பு விரைவில் அரிக்கப்படும். ஆணி போனால் தகடு கிளம்பும். நீர் மரச்சட்டத்துக்குள் இறங்கும். மரத்தில் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பற்றத் தொடங்கும். ஒரு தவறான ஆணி ஓவியம் ஒன்றை அழிக்கலாம் என்பது மிகையன்று.

நன்மை செய்யப் போய் விளைந்த தீமை

பழுது பார்ப்போரின் ஆர்வமே பழுதாக முடிந்த வரலாறும் உண்டு. 1920-22 ஆண்டுகளில் ஐதராபாத் நிசாம் அரசு அசந்தா ஓவியங்களைக் காக்க இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இருவரை வரவழைத்தது. உதிர்ந்த பூச்சை அவர்கள் திறமையாக ஒட்டவைத்தனர். ஆனால் மேலே பூசிய அரக்கு மெருகு நாளடைவில் பழுப்பேறி ஓவியங்களை மங்கச் செய்தது. பூசுவது எளிது; அகற்றுவது பின்வந்த வேதியியலாருக்குப் பெரும்பாடாயிற்று. ‘இன்று செய்வதை நாளை நீக்க இயல வேண்டும்’ என்ற விதி இத்தகைய அனுபவங்களால் வலுப்பெற்றது.

தஞ்சைப் பெரியகோயில் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி அங்குள்ள நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் அவற்றைச் சோதித்து, சோழர் ஓவியங்கள் ஈரப்பூச்சு முறையில் அமைந்தவை என்று காட்டினார். இப்போது சிக்கலைப் பாருங்கள். கீழுள்ளது கிடைத்தற்கரியது. மேலுள்ளதும் முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. ஒன்றைக் காட்ட மற்றொன்றை அழிப்பதா? பின்னாளில் தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் மேல் ஓவியத்தைப் பெயர்த்தெடுத்துத் தனியே நிலைநிறுத்தும் முறையைக் கையாண்டு இரண்டையும் காத்தனர்.

இதே கேள்வி கோயிலோடு எத்தொடர்பும் இல்லாத ஓர் இடத்திலும் எழுவது சுவையானது. 1970-களில் மேல்நாடுகளிலும் சப்பானிலும் காசு போட்டு ஆடும் மின்னணு விளையாட்டுப் பெட்டிகள் பரவின. 1972-இன் ‘பாங்’, 1978-இன் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இன் ‘பேக்-மேன்’ ஆகியவை புகழ்பெற்றவை. ஒட்டுப்பலகை, மரத்தூள் பலகைகளால் ஆன அப்பெட்டிகளின் பக்கங்களில் வண்ணச் சித்திரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. புது விளையாட்டு வந்தபோது கடைக்காரர்கள் உள்ளுறுப்பை மாற்றி, வெளியே கறுப்பு வண்ணத்தை அடித்துவிடுவது உண்டு. இன்று அவற்றைச் சேகரிப்போர் அந்தக் கறுப்பைப் பொறுமையாக நீக்கி, அடியில் உறங்கும் சித்திரத்தை வெளிக்கொணர்கின்றனர். சிலர் முழுவதும் சுரண்டிவிட்டுப் புது அச்சுப்படத்தை ஒட்டுகின்றனர். பெட்டி பளபளக்கிறது; ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி அச்சிட்ட வண்ணம் போய்விடுகிறது. பொருள் சிறிதாயினும் கேள்வி தஞ்சையின் கேள்வியே.

இரு கொள்கைகள்

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதுபற்றிக் கடும் வாதம் நடந்தது. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துக், சிதைந்த கட்டடத்தை முழுமையாக்கலாம் என்றார். பாரிசு நோத்ர தாம் பேராலயத்துக்குப் புதுக் கூரான கோபுரம் அமைத்தார். ஆங்கில அறிஞர் ரசுகின் 1849-இல் வெளியிட்ட நூலில், புதுப்பித்தல் என்பதே பொய்ம்மை என்று சாடினார். நாள்தோறும் பேணி வந்தால் புதுப்பிக்கும் தேவையே எழாது என்பது அவர் வாதம். அவர் வழியில் வில்லியம் மோரிசு 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1964-இன் வெனிசுப் பட்டயம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்று வரையறுத்தது. வியோலே-லெ-துக்கின் கோபுரம் 2019 ஏப்ரல் 15 தீவிபத்தில் எரிந்து விழுந்தது. அதே வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டு, பேராலயம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

நம் மரபில் நலிந்ததை மீட்கும் பணிக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். மக்கள் வழக்கில் திருப்பணி. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்ற வழக்கமே, பூச்சுகளின் ஆயுளை அறிந்து வகுத்த பராமரிப்புத் திட்டம் எனலாம். தென்காசிக் கோயிலில் 2025 ஏப்ரலிலும் குடமுழுக்கு நடந்தது. 1994-இல் சப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், பழமையின் உண்மைத்தன்மையை அந்தந்த நாட்டு மரபையொட்டியே மதிப்பிட வேண்டும் என்று ஏற்றுக்கொண்டனர்.

எதை மீண்டும் செய்யலாம்?

இப்போது முன்பு விட்ட கேள்விக்கு வருவோம். தென்காசிக் கோபுரத்தின் மேற்பகுதியைப் புதிதாகக் கட்டியது சரியா? சரியே என்று கூறலாம். கோபுரம் சிற்பநூல் அளவுகளின்படி எழுவது. நிலைகளின் விகிதம் அடித்தளத்திலேயே அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை அறிந்த ஸ்தபதிகள் இன்றும் உள்ளனர். வழிபாடு நடக்கும் கோயிலுக்குக் கோபுரம் இல்லாதது ஒரு குற்றம். அதை நீக்கும்படி கட்டியவனே கேட்டிருக்கிறான்.

ஆனால் இதே நியாயத்தைச் சித்திர சபையின் சுவருக்குப் பொருத்த முடியாது. அங்குள்ள கோடு ஓர் ஓவியனின் கை ஒரே ஒரு முறை செய்தது. அழிந்த முகத்தை இன்னொருவர் எழுதினால் அது அவருடைய முகம், பழைய ஓவியனுடையதன்று. கூரைத் தகட்டை மாற்றலாம், ஆணியை மாற்றலாம், வெளிச்சுவருக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கலாம். விதிப்படி செய்ததை விதி அறிந்தவர் மீண்டும் செய்யலாம். ஒரு கை ஒருமுறை செய்ததையோ காக்கத்தான் முடியும்.

கல்வெட்டும் இத்தகையதே. கருங்கல்லில் எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர். எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்பையும் நீக்க, மணலை அழுத்தக் காற்றால் வீசும் முறை தமிழகக் கோயில்கள் பலவற்றில் கையாளப்பட்டது. கல் பளிச்சென்று ஆனது, எழுத்துகள் மழுங்கின. அறிஞர்கள் கண்டித்தது இதனால்தான். பராக்கிரம பாண்டியனின் விண்ணப்பம் பொறித்த கல்லை ஒருவர் அப்படித் துலக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னன் யாரை வணங்கினானோ அவர் கையாலேயே அந்த வணக்கம் அழிந்துவிடும்!

சிமிட்டியும் எண்ணெய் வண்ணமும் இதே வகை. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கவும் விடவும் வல்லது. அதன்மேல் இறுகிய சிமிட்டியைப் பூசினால் நீர் உள்ளே அடைபடும். உப்பு உள்ளேயே பூக்கும். சில மழைக்காலங்களில் பூச்சு பழைய சாந்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். வலிமையான பொருள் எப்போதும் நல்ல பொருளன்று. பழையதோடு இணங்கும் பொருளே நல்ல பொருள்.

நாம் செய்யக்கூடியது

மாணவர்கள் வேதியியலாளர் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலோ, மண்டபமோ, பழைய வீட்டுக் கதவோ எதுவாயினும், இன்று அதன் புறத்தோற்றம் எப்படி இருக்கிறது என்பதை நிழற்படமாக எடுத்து நாளைக் குறித்து வையுங்கள். எங்கே விரிசல், எங்கே ஈரம், எங்கே செடி முளைத்துள்ளது என்று எழுதுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். திருப்பணி நடந்தால் எந்தச் சாந்து, எந்த வண்ணம், எந்த ஆண்டு என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நாளை பழுது பார்க்க வருபவருக்கு இதைவிடப் பேருதவி இல்லை.

சுவரில் ஏறிய ஆலஞ்செடியை விரலளவில் இருக்கும்போதே பெயரைச் சொல்லி அகற்றச் செய்பவரும் மன்னன் வணங்கிய வரிசையில் நிற்பவரே. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இராது. ஆனால் கல் நிற்கும்.